சட்டசபையில் உன் பெயர்

ஏலாக்குறிச்சி,
12-2-1949

அன்புள்ள தம்பி செல்லப்பனுக்கு,

பிலவேந்திரன் வாத்தியார் எழுதுவது. இங்கே உன் மனைவி அம்சவள்ளியும் குழந்தையும் சௌக்கியம். கடலை பிடுங்கும் வேலை அவளுக்குத் தினமும் கிடைக்கிறது. பினாங்கில் உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று எழுது.

போன வாரம் அரியலூர் போயிருந்தேன். அங்கே வாசகசாலையில், சென்னை சட்டசபையில் பேசியதையெல்லாம் அச்சிட்ட புத்தகங்கள் வந்திருந்தன. யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். இதுவரை ஒருவரும் கேட்டு வரவில்லை என்றார் அங்கிருந்தவர். நம் மெம்பர் அரங்கநாதன் பெயரைத் தேடினேன். இருந்தது, தம்பி.

"பொதுக்கிணற்றில் தண்ணீர் மொண்டதற்காகச் செல்லப்பன் என்பவரை அடித்திருக்கிறார்கள். சர்க்கார் என்ன செய்தது?" என்று கேட்டிருக்கிறார். விசாரிப்பதாக மந்திரி சொன்ன பிறகும் விடவில்லை. "எப்போது?" என்று மறுபடி எழுந்திருக்கிறார்.

"அங்க போயி அவரு வாயே தொறக்கல" என்று பண்ணையார் ஆட்கள் சொன்னதை ஊரே நம்பியது. நீ அரங்கநாதன் வீட்டு முன்னால் நின்று, "நம்ப வச்சுக் கழுத்த அறுத்துட்டீங்களே" என்று கத்தினாய். அவர் கோபிக்கவில்லை. "புஸ்தகம் அச்சாயி வரட்டும், செல்லப்பா. நான் பேசுனது அதுல இருக்கும்" என்றார். கூட்டம் சிரித்தது. மறு மாதமே நீ கப்பலேறிவிட்டாய். புத்தகம் இங்கே வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

இதை எழுதக் கை வரவில்லை. ஐப்பசியில் விஷ ஜுரம் கண்டு அரங்கநாதன் காலமாகிவிட்டார்.

அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து அம்சவள்ளிக்கு வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அந்தம்மா காதுலயும் இது விழணுங்க, வாத்தியாரே" என்று அவளே என்னை அவர் மனைவி வீரம்மாளிடம் அழைத்துப் போனாள். வீரம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு பேசுற மாதிரியேதான் இருக்கு" என்று காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். ஜுரத்தில் கிடந்தபோதும் அரங்கநாதன், "செல்லப்பன்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா" என்று கேட்டாராம்.

சேரிக்குப் புதுக் கிணறு வெட்ட இப்போதுதான் இடம் அளந்து போயிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. படித்துவிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு நம் யார் கைக்கும் எட்டாத புத்தகம் அது. வீரம்மாளுக்கு இரண்டு வரி எழுது. நானே போய் வாசித்துக் காட்டுகிறேன். என்ன எழுதுவதென்று யோசித்து நாளைக் கடத்திவிடாதே, தம்பி. அடைக்கல மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் நலம் வேண்டும்,
பிலவேந்திரன்