மடுவுக்குப் போகாத வண்டில்

அம்மா,

நம் இங்கிலாந்து வீட்டின் முன்னறைச் சுவரில் இப்போது வெளிறிய ஒரு நீள்சதுரம் தெரிகிறது. நீங்கள் வாங்கிய ஓவியத்தை நேற்றுக் கழற்றி, போர்வையில் சுற்றி, ட்ராமில் மடியில் வைத்தபடி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனேன். சுற்றியுள்ள சுவர் பத்து வருடச் சமையல் புகையில் மஞ்சளாகிவிட்டது. படம் இருந்த இடம் மட்டும் நீங்கள் அதை மாட்டிய நாளின் நிறத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில், பழைய பொருட்கள் விற்கும் சாரிட்டி கடையொன்றில் கோப்பைகளுக்குப் பின்னால் அதைக் கண்டீர்கள். மங்கிய நீர்வண்ண ஓவியம். மரங்களுக்குக் கீழே வளைந்த கூரை வைத்த வண்டில், மேயும் குதிரை, நெருப்பின் மேல் தொங்கும் பானை, தொப்பி போட்ட ஒரு ஆண், குனிந்து நிற்கும் ஒரு பெண். கடையிலேயே உங்கள் குரல் உயர்ந்தது.

"பிள்ளை, இஞ்ச பார்! மடுத் திருவிழாவுக்குப் போற சனம்!"

மன்னாரில் நீங்கள் சிறுமியாக இருந்தபோது, மடு மாதா கோயிலுக்கு வண்டில் கட்டிப் போய், காட்டில் கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டீர்கள். வேறெதையும் அந்தப் படத்தில் காண உங்களுக்கு மனம் வரவில்லை. மாமா விடாமல் வாதாடினார்.

"அக்கா, மடுவில எங்கயக்கா குதிரை?"

"வசதியான ஆக்கள் குதிரையில வந்திருப்பினம்."

"தொப்பி போட்ட வெள்ளைக்காரரோ?"

"கோயில் சுவாமிமாருக்குச் சொந்தக்காரராயிருக்கும். நீ தேத்தண்ணியைக் குடி."

நான் வெட்கத்தோடு, "அம்மா, இவை ரோமானி ஆக்கள், வண்டிலிலயே ஊர் ஊராப் போய் வாழுற சனம். இது இங்கிலாந்து" என்றேன். "அவையும் மாதாவை நம்புற சனமாத்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டீர்கள்.

நம் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஓவிய வரலாறு என்று சொல்லத் தெரியாமல், "மகள் படம் படிக்கிறாள்" என்று கோயிலில் சொன்னீர்கள். சனம் நான் சினிமாவுக்குப் போகிறேன் என்று நினைத்தது. மூன்று வருடமும் வகுப்பில் நான் வாய் திறந்தது குறைவு. விடை தெரிந்திருக்கும், சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வேறொருவர் சொல்லியிருப்பார். பட்டம் கிடைத்த பின்பு இரண்டு நேர்முகத் தேர்வுகளில் பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது இந்த அருங்காட்சியகத்தில். விரும்பிய ஒரு படத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். இதுவும் தவறினால் இனி எங்கும் விண்ணப்பிப்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து நீங்கள் சோபாவில் சாய்ந்திருந்தீர்கள். நம் வீட்டுப் படத்தைத்தான் தேர்ந்திருந்தேன். "சொல்லு பாப்பம்" என்றீர்கள்.

"இந்த ஓவியம் நாடோடி மக்களின் கவலையற்ற வாழ்க்கையை..."

"பொய்."

"அம்மா, இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"எழுதினவர் ஒருநாளும் காட்டில சமைச்சிருக்க மாட்டார். அந்தப் பொம்பிளையைப் பார். ரெண்டு பாத்திரத்தில தண்ணி வைச்சிருக்கிறா. மூடினது சமைக்க. அங்கால தள்ளி வைச்சது கைகால் கழுவ. ரெண்டையும் கலக்க விடமாட்டா. கிட்ட ஆறு குளம் ஒண்டும் இல்லை, ஆரோ சுமந்திருக்கினம். கவலையில்லாமலோ இதெல்லாம் நடக்குது?"

அத்தனை வருடம் பார்த்திருந்தும் அந்தப் பாத்திரங்கள் என் கண்ணில் பட்டதில்லை.

தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், ரோமானி மக்களைப் பற்றிய கண்காட்சிக்கு ஆலோசகராக வந்திருந்த ரோமானிப் பெண். முதல் நிமிடம் கையிலிருந்த தாளைப் பார்த்தே வாசித்தேன். பாத்திரங்களைப் பற்றிச் சொன்னதும் அவர் முன்னால் சாய்ந்தார்.

"எங்கள் வீட்டில் இன்றைக்கும் தனித்தனிப் பாத்திரம்தான். மாற்றிப் பாவித்தால் என் அம்மா அதை வெளியே எறிந்துவிடுவார். எந்தப் புத்தகத்தில் வாசித்தீர்கள்?"

"என் அம்மா சொன்னார். அவர் இவர்களை எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும் யாத்திரிகர்கள் என்று நினைக்கிறார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆள் மாறிவிட்டது. ஆனால் அவர் பார்த்தது சரி" என்றார்.

வேலை கிடைத்த செய்தி வந்ததும் ட்ராம் தரிப்பிடத்திலிருந்து உங்களை அழைத்தேன்.

"அம்மா, கிடைச்சிட்டுது!"

"ஓம், தெரியும். மடுச் சனம் கைவிடாது."

"அம்மா, அது மடுச் சனம் இல்லை!"

"சரி, சரி. வரேக்க பால் வாங்கிக்கொண்டு வா."

பாலோடு நான் வீடு வருவதற்குள் நீங்கள் கனடா வரைக்கும் செய்தி சொல்லி முடித்திருந்தீர்கள்.

அந்தக் குளிர்காலத்திலேயே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

அந்த ரோமானிக் கண்காட்சி அடுத்த கிழமை தொடங்குகிறது; உங்கள் படமும் அதில் இருக்கிறது. போன கிழமை நடந்த கூட்டத்தில், உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைக்கவிருக்கும் குறிப்பை மூத்த அலுவலர் ஒருவர் வாசித்தார். 'கவலையற்ற நாடோடி வாழ்க்கை' என்று தொடங்கியது. மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை.

"அது உண்மையில்லை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். ஏன் என்று அவர் கேட்டார். தண்ணீரிலிருந்து தொடங்கிச் சொன்னேன். எதிரே இருந்த ஆலோசகர் ஆமோதித்து மேசையில் தட்டினார். அலுவலர் பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினார். இப்போது குறிப்பு, 'இந்தத் தண்ணீர் தொலைவிலிருந்து சுமந்து வரப்பட்டது' என்று தொடங்குகிறது. அதன் கீழே, படத்தின் உரிமையாளர் என்று உங்கள் பெயர்.

ஒருவர் பேசும்போது குறுக்கிட உங்களுக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை. அந்தக் குணம் எனக்கு வராது என்றே நினைத்திருந்தேன். வந்துவிட்டது, அம்மா. போன கிழமையிலிருந்து நான் குறுக்கே பேசுவதை நிறுத்தவே இல்லை.