திருவிழாத் தாளில் என் பெயர்

மகள் லிகாயாவுக்கு,

வீட்டு வேலைக்கு லீவான ஞாயிறன்று இங்கே ஹாங்காங் பாலத்தடியில் என்னோடு அட்டை விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் நெனிட்டா, குளோரியா, உன் ஞானத்தாய் எவாஞ்சலின். எல்லோரும் நலம். பேரனுக்கு இருமல் நின்றதா?

எவாஞ்சலின் ஒரு தாளை நீட்டி, ஊர்த் திருவிழாவுக்கு என்றாள். கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் நெனிட்டா மேல்வரியை வாசித்தாள்: பதவிக்காலம் முடிந்தும் நம் நாட்டு ஜனாதிபதி மறுபடி தேர்தலில் நிற்கச் சட்டத்தை மாற்ற வேண்டுமாம்.

"ஒரு கையெழுத்துதானே அக்கா, வீட்டுக்கு அரிசி வரும்" என்றாள் எவாஞ்சலின்.

"எங்கண்ணனைப் பிடிச்சுட்டுப் போன பழைய ஜனாதிபதியும் இப்படித்தான்டி மணிலா நாற்காலியை விடாம இருந்தான். பேரெழுத நான் கத்துக்கிட்டதே நாப்பது வயசுல, மக நோட்டைப் பார்த்து. அதை உன் அரிசிக்கா குடுப்பேன்?" என்றேன்.

என் பெயரைக் கிழித்தெடுத்து இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம். கண்ணாடி அனுப்பு, கருவாடும். முதலாளியம்மா கூப்பிடுகிறாள். என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்த குளோரியாவை மன்னித்துவிட்டேன். எவாஞ்சலினை மன்னிக்க மாட்டேன்.