சாய்வுப் பாதையில் போட்ட மயில்

ஆயர் ஈத்தாம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வினோதனுக்கு,

அப்பா எழுதுகிறேன். பெர்த் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்காலையும் தங்கராஜுவையும் விட்டுப் பார்த்தால் எல்லோரும் சுகம்தான். உன் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பள்ளி விழாப் படங்களுக்கு நீ கைதட்டி அனுப்பினாயாம். அந்தப் படங்களில் வராததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் தங்கை ரஜிதாவின் சக்கர நாற்காலிக்குப் பள்ளி முன்வாசலின் நான்கு படியும் தடை என்று மூன்று வருடமாக நான் எழுதிய கடிதங்கள் உனக்குத் தெரியும். பதில் ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்ற வாசலில் காவல் நிற்கும் ஜாகா ஹஸ்ருல் இருந்ததால், பள்ளியைப் பொறுத்தவரை பிரச்சினையே இல்லை. இந்த வருடம் அவள் ஐந்தாம் ஆண்டு, வகுப்பு மாடியில். ஹஸ்ருலுக்கும் முதுகு ஒன்றுதானே இருக்கிறது. கீழே இருக்கிற ஆசிரியர் அறையை மேலே மாற்றி வகுப்பைக் கீழே கொண்டுவாருங்கள், செலவே இல்லை என்று கேட்டேன். தலைமையாசிரியை தனலெட்சுமி, ஆசிரியர்கள் படியேறினால் மூட்டு வலிக்கும் சார், அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே நல்ல பள்ளி இருக்கிறதாம், விடுமுறைக்குப் பிறகு மாற்றிவிடலாமே என்றார். அவர்கள் மூட்டு வலிக்காமல் இருக்க என் மகள் தினமும் கடல் தாண்டிப் போக வேண்டும். அதுவரை நூலகத்தில் தனியாக உட்கார்ந்து பயிற்சித்தாள் எழுதட்டும் என்று ஒரு மேசை கொடுத்தார்கள். மேலே தோழிகள் சிரிப்பது கீழே கேட்குமாம். இதை ஒருநாள் சோறு சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

அப்போதுதான் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தங்கராஜு முன்வாசல் நான்கு படிக்கு மட்டும் சாய்வுப் பாதை கட்டக் கிளம்பினார். சங்கத் தேர்தலில் என்னை இரண்டு ஓட்டில் தோற்கடித்தவர், அதில் ஒன்று அவர் மைத்துனருடையது, நான் மறக்கவில்லை. வகுப்பை மாற்றினால் அதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது, சாய்வுப் பாதைக்கு வைக்கலாம் இல்லையா. சிமெண்ட் காய்வதற்குள் கல்வெட்டு வந்துவிட்டது. இருபத்திரண்டு பெயர். ரஜிதா பெயர் இல்லை. என் பெயரும் இல்லை, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான்கு தடவைதான் படித்துப் பார்த்தேன்.

போன வாரம் சனிக்கிழமை விழா. காலை ஒன்பது மணிக்கு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்ட ஏற்பாடு. விழா என்றால் நம் ஆட்களுக்குக் கோலம் வேண்டும். பள்ளியிலேயே புதிதாக, சுத்தமாக, இன்னும் யாரும் மிதிக்காத இடம் எது என்று பார்த்து, சாய்வுப் பாதை முழுவதும் வண்ண அரிசியில் மயில் போட்டார்கள். போட்ட தாய்மார்களுக்குத் தலைவி உன் அம்மா, அதனால் இதற்கு மேல் எழுதினால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. இனிமேல் படிக்கு வேலையில்லை என்று படிகளில் பூந்தொட்டி அடுக்கிவிட்டார்கள்.

டத்தோவோடு முதலில் ஏறிக் காட்ட வேண்டிய ரஜிதா கீழே காத்திருந்தாள். பத்தரை ஆயிற்று, தூறல் போட்டது, டத்தோ வரவில்லை. பாத்ரூம் போகணும்பா என்று என் சட்டையை இழுத்தாள். நாற்காலி நுழைகிற கழிவறை பள்ளியில் ஒன்றுதான், அது ஆசிரியர் அறைக்குள் இருக்கிறது. தங்கராஜு ஓடிவந்து, கொஞ்சம் அடக்கிக்கலா தங்கச்சி, டத்தோ கெரெத்தா கெலுகோர் தாண்டிருச்சி, கார் இந்தா வந்துரும் என்றார். நானும், மூன்று வருடம் கடிதம் எழுதிய இதே நான், கோலம் கலைஞ்சிரும்மா, கொஞ்சம் பொறு என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, நீங்களும் அவங்க செட்டாப்பா என்று கேட்டாள். ஹஸ்ருல் மட்டும் நேரே போய் ரிப்பனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஜாலான்லா அடிக், போ தங்கச்சி என்று மலாயில் சொன்னார். அவள் போய்விட்டாள். ஐயோ என் மயிலு என்று உன் அம்மா கத்தியது டத்தோவுக்கே கேட்டிருக்கும், ஏனென்றால் அந்த நிமிடம்தான் அவர் காரைவிட்டு இறங்கினார்.

ஈர அரிசிச் சாயத்தில் இரண்டு சக்கரத் தடம், ஒன்று நீலம், ஒன்று பச்சை, மேலேறி நடைபாதை வழியாக நேரே ஆசிரியர் அறைக்குள் போனது. இது எங்கே போகிறது என்று டத்தோ கேட்டார். கேமராக்கள் திரும்பின. தலைமையாசிரியை, அது அந்தப் பிள்ளையின் வகுப்பு டத்தோ, கீழேயே வைத்துக் கொடுத்திருக்கிறோம் என்றார். டத்தோ மகிழ்ந்துபோய்க் கதவைத் திறந்தார். உள்ளே ஆசிரியர் ஐமான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை விரித்து வைத்திருந்தார். அந்தச் சமயம் கழிவறையிலிருந்து வெளியே வந்த ரஜிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்தா டீச்சர் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள். தலைமையாசிரியை தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் பத்திரிகையில் படமாக வந்திருக்கிறது, வெட்டி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையின் தண்ணீர்க் கெண்டியும் குளிர்ப்பெட்டியும் மாடிக்குப் போயின, ஐந்தாம் ஆண்டு கீழே வந்தது. இது தன் நெடுநாள் திட்டம் என்று தங்கராஜு சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். புது சிமெண்டில் பிடித்த சாயம் மட்டும் எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சுத்தம் செய்து கொடுக்க வேண்டும் என்று நேற்று எனக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம். மூன்று வருடத்தில் அவர்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. நான் பதில் எழுதப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளிச்சாப்பாட்டைக் குறை. உனக்கு எல்லா நல்லதும் நடக்க அம்மா தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனை செய்திருக்கிறாள். புதன்கிழமை ரஜிதா பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு. அவள் என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை, மனதில் வைத்துக்கொள்கிற குணம், யாரிடமிருந்து வந்ததென்று கேட்காதே. அப்பா கோலத்துக்காகச் சொன்னது தப்புதான் என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. எனக்குக் கடிதத்தில்தான் வருகிறது, நேரில் வரவில்லை.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
தியாகராஜா