தன் குரலுக்குக் காத்துப் பாடியவள்

8, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். ஸ்டூடியோ சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறி ஷெட். நகரியில் வாடகை குறைவென்று பிடித்த இடம், அனுபவிக்கிறேன்.

இன்று தேவகி. அதே ஷெட்டில் தறி ஓட்டுகிறவள். கோயில் பஜனையில் அவள் பாடக் கேட்டு, பக்தி ஆல்பம் போடும் திருப்பதி பார்ட்டியிடம் நானே பேசி வாங்கிக் கொடுத்த பக்திப் பாட்டு. அவள் குரலில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தறி இரைச்சல் ஹெட்ஃபோனில் கேட்டுக் குழம்புவாளே என்று கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கும் மென்பொருள், பிளக்-இன் ஒன்றைப் போட்டேன். சுத்தமாக இருந்தது. ஆனால் பாட்டு? இழுவை. "தாளத்தைப் பிடிம்மா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை போச்சு.

பாடியதைப் பார்ட்டிக்கு அனுப்பினேன். உடனே போன். "மேடம், ஆ அம்மாயிக்கு தாளமே ராது. வியாழக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா சித்தூர் சிங்கர வெச்சிக்கலாம்."

அந்தப் பெண்ணுக்குத் தாளமே வராதாம். பஜனையில் மிருதங்கக்காரரையே ஓட வைக்கிறவளுக்கு!

தேவகி முகம் செத்துப்போய்க் கிளம்பினாள். "எனக்கு இதெல்லாம் வராதுக்கா. தறியவே பாத்துக்கினு கெடக்கறேன்."

9, புதன்

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. வாங்க: மைக் கேபிள், காபித்தூள்.

நானே ஹெட்ஃபோனை மாட்டி மைக் முன் கை தட்டினேன். தட்டி முடித்த பிறகு சத்தம் வருகிறது! அந்தப் பிளக்-இன்தான். சத்தத்தை வாங்கி, அலசி, அப்புறம்தான் காதுக்கு விடுகிறது. பாவம், தன் குரலுக்குக் காத்துக் காத்துப் பாடியிருக்கிறாள்.

பிளக்-இன் ஆஃப். அதைப் பாடி முடித்த பிறகு, மிக்ஸிங்கில் போட்டால் போதும். சத்தத்தைச் சேர்த்து வைத்துத் தாமதமாக்கும் பஃபரையும் 1024-லிருந்து 128-க்குக் குறைத்தேன். கம்ப்யூட்டர் திணறியது; அதன் சுமை குறைய கீபோர்டு, தபலா டிராக்குகளை ஃப்ரீஸ் செய்தேன். இப்போது தட்டின கையோடு சத்தம். நாளை பாடிவிடுவாள். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

10, வியாழன்

ஷெட்டுக்குப் போய்க் கூப்பிட்டதும் தேவகி அரை மனதாக வந்தாள். "தறிச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கோ" என்றேன்.

"நாள் பூரா அதுக்குள்ளதானக்கா பாடிக்கினு இருக்கேன்?"

முதல் டேக். நச்சென்று உட்கார்ந்தது. அனுப்பினேன். பார்ட்டி: "சூப்பர் மேடம்! மிச்ச பாட்டும் அவங்களே பாடட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "உன்மேல் தப்பே இல்லை, எல்லாம் இந்தப் பிளக்-இன் செய்த வேலை" என்று கை தட்டிக் காட்டினேன்.

தேவகி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "இது எப்பக்கா தெரிஞ்சிது?"

"நேற்று காலையிலேயே."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா. நேத்து ராத்திரி பூரா அழுதுக்கினு இருந்தேன்."