மை ஒட்டாத பதினொரு ரோல்

22.9.2025, திங்கள்

ஓனர் புருஷோத்தமன் சார் இன்று வாயைத் திறந்து சொல்லிவிட்டார். தீபாவளி ஆர்டர் ஒழுங்காக முடிந்தால் பிரிண்டிங்குக்கு ஒரு இன்சார்ஜ் போடுவாராம். போட்டியில் இருப்பது இரண்டே பேர். மெஷின் ஓட்டும் நான், மை கலக்கும் டேனியல். காஞ்சிபுரத்து ஸ்வீட் கடைக்கு நாற்பதாயிரம் பை, பச்சை எழுத்து, அக்டோபர் பதிமூன்றுக்குள் போய்ச் சேர வேண்டும். சொதப்பினால் இன்சார்ஜும் கிடையாது, பிரிண்டிங்கும் கிடையாது, வெளியில் கொடுத்து அச்சடித்துக்கொள்வாராம்.

நான் ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். அவன் வந்து மூன்று வருஷம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

25.9, வியாழன்

அம்மாவுக்கு என் வேலையை விளக்கினேன், பத்தாவது தடவையாக. எங்கள் பை மக்காச்சோள மாவில் செய்வது, மண்ணில் போட்டால் மக்கிவிடும். ஆனால் மேலே வழுவழு, மை நிற்காது. அதனால் அச்சுக்கு முன்னால், பையாகப் போகிற ஃபிலிமை ட்ரீட்டருக்குள் விடுவோம். ஊதா வெளிச்சத்தில் கரண்ட் சரசரவென்று பாயும், இடி இடித்த பிறகு வருகிற மாதிரி ஒரு வாசனை வரும், அதற்கப்புறம் மை கவ்விக்கொள்ளும். ட்ரீட் ஆனதா என்று பார்க்க ஒரு பேனா உண்டு. ஃபிலிமில் கோடு போட்டால் கோடாகவே நிற்க வேண்டும். முத்து முத்தாகப் பிரிந்தால் ஃபெயில்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மெஷினுக்கு பேரு இன்னாடி?" என்றாள். கரோனா ட்ரீட்டர் என்றேன். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

30.9, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. பூஜை போட்ட மெஷினை விடுமுறை முடிந்து, நல்ல நேரம் பார்த்துத்தான் தொட வேண்டும். சாரின் சட்டம். நாள் வீணாகுமே என்று நான் ஒரு மூளை வேலை செய்தேன். ஆர்டருக்கான பதினொரு ஃபிலிம் ரோலையும் இன்றே ட்ரீட் செய்து குடோனில் அடுக்கிவிட்டேன். திரும்பி வந்ததும் அச்சு மட்டும்தான் பாக்கி. பேனா கோடு அத்தனையிலும் ஜோராக நின்றது. ஒவ்வொரு ரோலிலும் லேபிள் ஒட்டி, தேதி போட்டு, 'சசி' என்று கையெழுத்தும் போட்டேன். சார் பார்க்கட்டுமே!

"இன்னா சசி, பொங்கலுக்கும் சேத்து இப்பவே பண்ணிக்கினு கீறியா?" என்றான் டேனியல். பொறாமை. வேறென்ன.

1.10, புதன்

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. பேனாவையும் தட்டில் வைத்துக் கும்பிட்டேன். டேனியல் இரண்டு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு போனான். நாளை லீவு. வெள்ளி, சனி எப்படியும் யாரும் வரமாட்டார்கள் என்று சாரே திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

6.10, திங்கள்

நாசமாய்ப் போச்சு.

முதல் ரோலில் எழுத்து பளபளவென்று விழுந்தது. மை பிடித்ததா என்று பார்க்கச் செல்லோ டேப்பை ஒட்டி இழுத்தேன். கடை பெயர் முழுசாக டேப்போடு வந்துவிட்டது. இரண்டாவது ரோலும் அதே கதை.

மைதான். தின்னரை ஊற்றித் தண்ணியாக்கி வைத்திருக்கிறான். சார் முன்னாலேயே கத்தினேன்: "மை கலக்க சொன்னா ரசம் வச்சிக்கினு கீறான் சார்!" டேனியல் மையை மறுபடி அளந்து காட்டினான், அளவு சரியாகத்தான் இருந்தது. சார் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவனைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்.

நல்லா வேணும் — என்று எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

7.10, செவ்வாய்

நானே மை கலக்கினேன். உரிகிறது. கெட்டியாகக் கலக்கினேன். உரிகிறது. புது டப்பா உடைத்தேன், அதுவும்! நாஷ்டா இல்லை, சாப்பாடு இல்லை. இன்னும் ஆறே நாள். ஒரே பேஜார்.

8.10, புதன்

எப்படி எழுதுவது இதை?

வீணடித்ததில் ஃபிலிம் குறைந்துவிட்டது. புதிதாக ஒரு ரோல் எடுத்து, ட்ரீட் செய்து, சூட்டோடு சூடாக அச்சுக்கு விட்டேன். மை, திங்கட்கிழமை டேனியல் கலக்கி வைத்ததில் மிச்சம். டேப்பை ஒட்டி இழுத்தேன். டேப் மட்டும் வந்தது. இன்னொரு தடவை. டேப் மட்டும்.

அப்போ மை இல்லையா?

பழைய ரோலில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் விட்ட மாதிரி முத்து முத்தாக ஓடிற்று. தகரக் கூரைக்கு அடியில் ஆறு நாள் வெந்ததில் ட்ரீட்மெண்ட் இறங்கிப்போயிருக்கிறது. இத்தனை வருஷமும் ட்ரீட் செய்த அன்றே அச்சடித்ததால் இது எனக்குத் தெரியவே இல்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு கோடு போட்டிருந்தால் போதும். ஒரு தடவை பாஸானால் பாஸானதுதானே என்று இருந்துவிட்டேன். பதினொரு லேபிளிலும் 30.9, சசி. என் அழகான கையெழுத்து.

யாருக்கும் தெரியாது. லேபிளைக் கிழித்துவிட்டு, மறுபடி ட்ரீட் செய்து, மையைச் சரிபண்ணிட்டேன் சார் என்றால் முடிந்தது. இன்சார்ஜ் நான்தான். மத்தியானம் வரைக்கும் அப்படிச் செய்வதாகத்தான் இருந்தேன். தண்ணீர் குடிக்கப் பேக்கிங் பக்கம் போனேன். அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த டேனியல் தலையைத் தூக்கி, "மை நின்னுச்சா சசி?" என்றான். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். சனியன், அக்கறையாகக் கேட்டுத் தொலைத்தான்.

ஒரு லேபிளை உரித்து சார் மேசையில் ஒட்டினேன். "மையில தப்பில்ல சார். பூஜைக்கு முன்னாடியே நான் ட்ரீட் பண்ணி வச்சதுதான் தப்பு. அவன திட்டினதும் தப்பு." சார் லேபிளில் தேதியைப் படித்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார்.

"இன்னும் எத்தினி நாள் கீது?"

"அஞ்சு சார்."

"அவன கூட்டுக்கினு போய் வேலைய பாரு."

டேனியலிடம் சொன்னதும் பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தான். "பேனாவ சாமி தட்டுல வச்ச, ஃபிலிம்ல வைக்கலியே!" சிரிக்கட்டும். எனக்கு அழுகையாக வந்தது.

11.10, சனி

ஒரு ரோல் ட்ரீட், உடனே அச்சு, அடுத்த ரோல். மூன்று நாளாக இதேதான். நாற்பதாயிரமும் முடிந்தது. டேப்பை இழுத்து இழுத்து என் விரல்தான் உரிந்திருக்கிறது, எழுத்து உரியவில்லை.

14.10, செவ்வாய்

டேனியல் இன்சார்ஜ். மேற்கொண்டு எழுத விருப்பமில்லை.

15.10, புதன்

விருப்பம் வந்துவிட்டது. ஏழு வருஷம்! உண்மையைச் சொன்னதற்கு இதுதானா? கம்மென்று லேபிளைக் கிழித்திருக்கலாம்.

இன்சார்ஜ் போட்ட முதல் ஆர்டர்: ட்ரீட் ஆன ஃபிலிம் அன்றைக்கே அச்சாக வேண்டும். அதற்கு முன்னால் சசி கோடு போட்டுப் பார்க்க வேண்டும். அவள் தலையாட்டாமல் மெஷின் ஓடாது. "இன்சார்ஜ் நான்னா இன்னா, தல ஆட்டறது நீதானே?" என்றான். நக்கல் வேறு. வேண்டுமென்றே கால் மணி நேரம் தலையாட்டாமல் நின்றேன். அவனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

17.10, வெள்ளி

பெருநகர் போகும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா மடியில் எங்கள் பை. உள்ளேயிருந்து மைசூர்பாகு வாசனை. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினேன்.

"இன்னாம்மே பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா, எழுத்து வருதான்னு பாத்தேன். எங்க கம்பெனி பை."

வரவில்லை. அந்த அம்மாவும் சுரண்டிப் பார்த்தாள், என்னைவிடப் பலமாக. அப்போதும் வரவில்லை.

"நல்லாத்தான் கீது. நீதான் அங்க பெரிய ஆளா?"

"இல்லக்கா. டேனியல்னு ஒருத்தரு."

சொல்லும்போது வயிறு எரியவில்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் எரிந்தது.