ஈஸ்டர் முடிஞ்சு வரேன்

சகலை,

இன்று சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து நேரே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தேன். வெயில் இறங்கியும் தார் ரோடு சூட்டை விடவில்லை. வழக்கமான கடையில் எலுமிச்சை சோடா சொன்னேன், உப்புப் போட்டு. கடைக்காரர் பழத்தை வெட்டிக் கிளாசில் பிழிந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள். மற்ற வீட்டில் செத்தவர்களெல்லாம் சாம்பிராணிப் புகையில் வருவார்கள், மல்லிகைப் பூவில் வருவார்கள். நீங்கள் உப்புப் போட்ட சோடாவில் வருகிறீர்கள். பீரை அப்படி ரசித்த மனிதருக்கு இப்படி ஒரு கதி.

சிரிக்காதீர்கள். நானும் இந்த வருஷம் விட்டிருக்கிறேன். விபூதி புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியதிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கொழுந்தியாள்தான் கண்டுபிடித்தாள். "என்ன, சனிக்கெழம சாயங்காலமும் வூட்டுலயே உக்காந்திருக்கீங்க? ஒடம்புக்கு எதும் பண்ணுதா?" என்று கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள். தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "அத்தானுக்காகவா?" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சோடாக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

வரதராசன்பேட்டையில் ஒரே வீட்டில் நீங்கள் அக்காளைக் கட்டினீர்கள், நான் தங்கச்சியைக் கட்டினேன். அதைத் தவிர நமக்குள் என்ன பொருத்தம்? நீங்கள் அரியலூரில் சிமென்ட் ஆலையில் ஷிப்டு பார்த்தவர். நான் பெரம்பலூரில் எலக்ட்ரிக் கடை வைத்து மல்லுக்கட்டுகிறவன். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். உங்களுக்குக் கோபமே வராது, அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஆனால் ஊருக்குப் போவதென்று ஒரு பேச்சு எடுத்துவிட்டால் போதும், நாம் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுவோம்.

நம் பக்கத்தில் யாரும் ஊர் சுற்றப் போகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். மாதாவைக் கும்பிடப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் மட்டும்தான் இரண்டையும் ஒன்றாகச் சொன்னீர்கள். "பாண்டிச்சேரிக்குப் போறோம். காலையில பூச, மத்தியானம் பீரு, சாயங்காலம் கடக்கர. இதுல எதுக்கு சகலை வெக்கம்?" என்பீர்கள். ஒயின் ஷாப் வாசலில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் டம்ளரில் சூடான பீரைக் கவிழ்த்துவிட்டு, பாக்கு மென்றுகொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. "பீருன்னா உக்காந்து குடிக்கணும். சில்லுன்னு, கண்ணாடி கிளாசுல. பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் குடிக்கணும்."

போன வருஷம் அந்தப் பாண்டிச்சேரிப் பயணத்துக்கு நீங்கள் போட்ட திட்டம் இருக்கிறதே, யம்மாடி! பெண் பார்க்கக்கூட நீங்கள் அத்தனை யோசித்திருக்க மாட்டீர்கள். தினமும் ஷிப்டு முடிந்து எனக்குப் போன். நான் வேன் எடுக்கலாம் என்றேன், ஹைவேயில் ஒரே ஓட்டம். "ரயிலே வராத ஊர்க்காரனுக்கு ரயிலோட அரும எங்க தெரியும்? வேன்ல போனா ஓட்டுறவன் மூஞ்சியப் பாத்துட்டேதான் குடிக்கணும், பாவம்" என்று என் வாயை அடைத்தீர்கள். அரியலூரில் ரயில் ஏறி விழுப்புரம், அங்கிருந்து பஸ். பஸ் விட்டு இறங்கியதும் மாடியில் ஒரு குடும்ப ஓட்டல், அங்கே வஞ்சிரம் வறுவலோடு முதல் பீர். பிறகு பெரிய கோயில். சாயங்காலம் கடற்கரை பார்த்த மொட்டைமாடியில் இரண்டாவது. மறுநாள், அங்கேயே பீர் காய்ச்சுகிற புது இடம். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாக்கள் தெரியுமாம். போனில் படம் அனுப்பி, "நம்ம ஆலைய விட சுத்தமா வெச்சிருக்கான் சகலை" என்றீர்கள். நாம் உள்ளே இருக்கிற நேரத்துக்குப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார, பக்கத்துப் பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கடைகளையும் பார்த்து வைத்திருந்தீர்கள். எல்லாம் பார்த்த மனிதர், ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

அந்தப் புதன்கிழமை போன் வந்தது.

"சகலை, நெத்தியில சாம்பல் வாங்கிட்டியா?"

"ஆங், காலையிலேயே வாங்கிட்டேன்."

"நாம என்னைக்குக் கெளம்புறோம்?"

"சனிக்கெழம." சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

ஆலையில் பராமரிப்புக்காக உலையை நிறுத்துகிற நாளைப் பார்த்து லீவு எழுதிக் கொடுத்தீர்கள். டிக்கெட் போட்டீர்கள், ரூமும் சொல்லியாயிற்று. தவக்காலம் அந்த வருஷம் முன்னாடியே வந்து நின்றது யார் கண்ணிலும் படவில்லை. வேறு ஆளாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. நீங்களோ மீசை முளைத்த காலத்திலிருந்து தவக்காலத்தில் கறியையும் பீரையும் தொடாதவர்.

நான் விடவில்லை. "அண்ணே, ஞாயித்துக்கெழம நாப்பது நாள் கணக்குல வராது. சாமியாரே பிரசங்கத்துல சொல்லிருக்காரு. சனிக்கெழம கோயிலப் பாப்போம், ஞாயித்துக்கெழம மூணு எடத்தையும் முடிச்சுருவோம்" என்றேன்.

"சாமியாரு கணக்கு சாமியாருக்கு. புடிக்காதத விடுறதுக்கு எதுக்கு சகலை தவக்காலம்? புடிச்சதத்தான விடணும்."

சரி, பயணம் போயிற்று என்று நான் எரிச்சலோடு போனை வைக்கப் போனேன். "ஏன் போவணும்?" என்றீர்கள். "கடையெல்லாம் பாத்து வெச்சாச்சு. போயி உக்காருவோம். சோடா குடிப்போம்." மனுசனா நீங்கள் என்று அன்றைக்கு நான் கேட்டது நினைவிருக்கிறதா?

போனோம். அந்த மாடி ஓட்டலில் சர்வர் வந்து நின்றதும் நீங்கள் மெனு கார்டை முழுக்கப் படித்தீர்கள். எது கசப்பு, எது லேசு, இறாலுக்கு எது சேரும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தீர்கள். அவரும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "ஆறு எலுமிச்ச சோடா, உப்புப் போட்டு" என்றீர்கள். அந்த ஆளின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

ஆறு என்றால், இரண்டு குடும்பமும் சேர்த்து. யாரும் குடிக்கப் போவதில்லையே, பிறகு எதற்கு ஐஸ்கிரீம் கடை என்று அண்ணியும் என் மனைவியும் நம்மோடு உள்ளே வந்துவிட்டார்கள். உங்கள் மகளும் என் மகனும் வந்தார்கள். அதுவரை எந்த ஊருக்குப் போனாலும் நாம் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். அன்றைக்குத்தான் ஒரே மேசை. நாம் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து என்னதான் பேசுவோம் என்று அண்ணி கேட்டார்கள். நீங்கள் ஆலைக் கதை சொன்னீர்கள். என்னைப் போல் பேசிக் காட்டினீர்கள். கல்யாணத்தன்று சீர்வரிசைக் கட்டிலில் உட்கார்ந்து நான் அதை உடைத்த கதையைச் சொன்னபோது அண்ணி சிரித்து, சோடா மூக்கில் ஏறிப் புரை தட்டிவிட்டது. சிரிக்கும்போது அவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள், அன்றைக்கு மூடவில்லை.

அந்தக் காய்ச்சுகிற இடத்தில், சுவை பார்க்கச் சின்னச் சின்ன கிளாசில் ஊற்றி வைத்தார்கள். நீங்கள் கோதுமை பீரை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினீர்கள். "மோந்து பாக்குறதும் பாவந்தாங்க" என்றார்கள் அண்ணி. "மாதா மூக்குல கணக்கு எழுத மாட்டாங்கடி" என்று கிளாசை அப்படியே கீழே வைத்தீர்கள். எழுந்து வரும்போது, முதல் இரண்டு இடங்களில் சொன்னதையே அங்கேயும் சொன்னீர்கள். "ஈஸ்டர் முடிஞ்சு வரேன் தம்பி. அந்தக் கோதும பீர மட்டும் தீத்துராதீங்க."

ஈஸ்டர் வந்தது. ஆலையில் லீவு தரவில்லை. பிறகு உங்கள் மகளின் காலேஜ் சேர்க்கை. பிறகு என் கடையில் வேலை குவிகிற காலம், பம்புசெட் மோட்டார் சீசன். ஒருநாள் நான் போனில் கிண்டல் செய்தேன், கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று. "எந்த வருச ஈஸ்டர்னு நான் சொல்லவே இல்லியே!" என்று சிரித்தீர்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, ஷிப்டுக்குக் கிளம்பி ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் உங்களைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். எனக்கு உங்கள் மேல் அப்படிக் கோபம் வந்தது சகலை. பெட்டி பக்கத்தில் நின்று திட்டினேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணி வீட்டை விட்டு வரவேயில்லை. பூசைக்குப் போவார்கள், வருவார்கள். பெரம்பலூருக்குக் கூப்பிட்டால், "வரேன், வரேன்" என்பார்கள், வர மாட்டார்கள். நம் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. இந்த ஈஸ்டர் முடிந்து எல்லோருமாகப் பாண்டிச்சேரி போக வேண்டும், அந்த மூன்று இடத்துக்கும் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அவர்களிடம் எந்த வாயால் கேட்பது? பாண்டிச்சேரி என்றாலே ஊரில் உதட்டோரம் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். என் மாமனாரின் தம்பி காதுக்கு விஷயம் எப்படியோ போய், "வருசப் பூசகூட முடியல, அதுக்குள்ள பொம்பளைய கூட்டிக்கிட்டு பாண்டிச்சேரியா?" என்று போனில் குதித்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை. அந்த இடங்களைப் பார்த்து அண்ணி இன்னும் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போனேன். அண்ணி அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன், மின்வெட்டைப் பற்றிப் பேசினேன், கடைசியில், "ஈஸ்டர் முடிஞ்சு வேளாங்கண்ணி போயிட்டு வரலாமா அண்ணி? உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றேன்.

அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். "வேளாங்கண்ணிக்கா? பாண்டிச்சேரின்னு சொல்ல வாய் வரலியா?"

நான் சீவிய வாழைக்காயில் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.

"தங்கச்சி சொன்னா, நீங்க தவக்காலம் பூரா சோடா குடிக்கிறீங்கன்னு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? மூணு எடத்துலயும் ஈஸ்டர் முடிஞ்சு வரேன்னு சொல்லிட்டு வந்தாரு மனுசன். நானும் பக்கத்துலதான நின்னேன். சொன்ன சொல்லு அப்படியே நிக்குதுல்ல?"

"சித்தப்பா சத்தம் போடுறாரு அண்ணி."

"போடட்டும். அவரு தொண்ட." கடைசிக் காயையும் சீவித் தண்ணீரில் போட்டார்கள். "டிக்கெட்டப் போடுங்க. ஆனா ஒண்ணு, ஐஸ்கிரீம் கடையில எல்லாம் உக்கார வெச்சிறக் கூடாது. உள்ளதான் வருவேன். அந்தக் கோதும பீரு என்ன வாசன அடிக்குதுன்னு நானும் மோந்து பாக்கணும்."

"கஷ்டமா இருக்காதா?"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி வைத்தார்கள். டம்ளரை நீட்டும்போதுதான் சொன்னார்கள். "புடிச்சதத்தான விடணும்னு சொல்லுவாரு. நானும் அவர விட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன். எனக்கு எப்ப ஈஸ்டர்னு தெரியல. நீங்க உங்க ஈஸ்டருக்குப் போவும்போது என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

அன்றைக்கு என்னால் அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை சகலை.

டிக்கெட் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன வழியேதான், அரியலூரில் ஏறி விழுப்புரம். வேன் என்று நான் வாயே திறக்கவில்லை. மாடி ஓட்டல், பெரிய கோயில், மொட்டைமாடி, மறுநாள் அந்த அண்டாக்கள். நான் பீர் குடிப்பேனா, அங்கே போயும் சோடாவே சொல்வேனா, தெரியவில்லை. உங்களை மாதிரி கார்டை முழுக்கப் படித்துப் பார்ப்பேன் என்று மட்டும் தெரிகிறது.

இன்று சோடாவைக் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தேன். கடைக்காரருக்கு இத்தனை நாளில் நான் பழகிவிட்டேன். "நாளைக்கும் இதே நேரம்தான சார்? பழம் எடுத்து வெச்சிரவா?" என்றார்.

"வைப்பா. ஆனா ஈஸ்டர் முடிஞ்சதும் ஊருக்குப் போறோம், அப்ப கொஞ்ச நாள் வர மாட்டேன்" என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது உங்கள் பேச்சு. "ஈஸ்டர் முடிஞ்சு வரேன் தம்பி."

அவர் நம் கோயில்காரர் இல்லை. அவருக்கு அதெல்லாம் தெரியாது. அடுத்த பழத்தை வெட்டிக்கொண்டே, "ஈஸ்டர் எப்ப சார் வருது?" என்று கேட்டார்.

எனக்குத் தேதி தெரியும். இருந்தும் அண்ணி முகம்தான் முன்னால் வந்தது.

"வரும்ப்பா" என்றேன்.