வல்லாரைக்குக் கிடைத்த முதலிடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் தஹ்மினாவின் சலாம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? ராஜ்ஷாஹியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் மறதி நோய்க்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வல்லாரைச் சாறு கொடுக்கிறீர்களாம். அண்ணி சொன்னார். மறதி நோய்க்கு எது உதவக்கூடும் என்று செடிச் சத்துகளைக் கம்ப்யூட்டரில் சலித்துப் பார்த்ததில் வல்லாரை முதலிடம் என்று பெருமையடித்தவள் நான்தான். அந்தக் கணக்கில் பிழை, அப்பா. சரிபார்ப்பதற்காகச் சேர்த்திருந்த, ஏற்கெனவே பலன் தரும் மருந்தையே அது கடைசியில் தள்ளியிருந்தது. திங்களன்று கணக்கைத் திரும்பப் போட்டதில் வல்லாரை நாற்பதாவது இடத்துக்குப் போய்விட்டது.

என் ஆய்வை வழிநடத்தும் கைசர் சாரிடம் சொன்னேன்.

"கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பியாச்சேம்மா. யாரு கவனிக்கப்போறா?"

"எங்கப்பா கவனிச்சுட்டாரு சார்."

சார் புதிய பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு, "திருப்பி வாங்கிடு" என்றார்.

கணக்கு சரியாகவே வந்திருந்தாலும் அது திரையில் வந்த எண்தான், மருந்தல்ல. இன்றே டாக்டரிடம் போய், மாத்திரையை எப்படி மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள்.

இங்கே குளிர் அதிகம். அம்மா தைத்த போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். லேப்பைப் பூட்ட வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை அம்மாவிடம் போனைக் கொடுங்கள். நான் யாரென்று கேட்டால் நீங்கள் சொல்லித்தர வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

தஹ்மினா